கொய்னா வரிசையும் ஒரு கல்லு உப்பும்

மலேரியாக் காய்ச்சலுக்குக் குடுக்குற கொய்னாத் தண்ணியைக் குடிச்சவங்களுக்குத்தான் அதோட கசப்பு தெரியும். வேப்பெண்ணெயெல்லாம் அதுக்கு முன்னாடி பாயசம். நாக்குல ஒரு சொட்டு பட்டாப் போதும், காது மடல் வரைக்கும் கசக்கும். அந்தத் தண்ணியைத் தினம் விடியக்காலையில ஒரு ஜெயில் முழுக்க இருக்குற ஆளுங்க தொண்டையில இறக்கி விடுறது என் உத்தியோகமா இருந்துச்சு. ஜொகூர்ல, கடலைப் பாத்த ஒரு ஜெயில். நான் அங்க டிரஸ்ஸர். டாக்டர் வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாரு. மத்த நேரத்துல மருந்து கலக்குறது, புண்ணுக்குக் கட்டுப் போடுறது, காய்ச்சல் எழுதுறது, எவன் நெசமா நோயாளி எவன் நடிக்கிறான்னு வார்டர்மாரோட சண்டை போடுறது, எல்லாம் நான்தான்.

சண்டைன்னு சொன்னேன்ல, அதுல எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. என் சம்சாரம் சொல்லுவா, "உங்களுக்குக் கோபம் மூக்கு மேல இல்லீங்க, மூக்குக்கு ஒரு அடி முன்னாலயே நடக்குது"ன்னு. நான் மறுத்துப் பேசினா அதுவும் கோபமாத்தான் வரும். அதனால பேசுறதில்லை.

ஜெயிலுக்கு வர்றதுக்கு முன்னாடி செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல டிரஸ்ஸரா இருந்தேன். அங்கயும் இதே கொய்னாதான். காலைப் பெரட்டுல, பேரு கூப்பிடுறதுக்கு ஆளுங்க வரிசையா நிக்கும்போது கங்காணி ஒவ்வொருத்தர் தாடையையும் புடிப்பான், மூக்கை அடைப்பான், நான் ஊத்துவேன். ஒரு நாள் ஒரு பொம்பளை என் கட்டைவிரலைக் கடிச்சிட்டா. சும்மா இல்ல, எலும்பு தெரிய. கங்காணி பிரம்பைத் தூக்கினான். நான் தடுத்துட்டேன். அவ கடிச்சது ஞாயந்தான்னு எனக்கு அங்கனயே தோணிடுச்சு. மாட்டுக்கு மருந்து ஊத்துற மாதிரி மனுசருக்கு ஊத்துனா மனுசர் வேற என்ன செய்வாங்க? இனிமே எவன் தாடையையும் புடிக்கிறதில்லைன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

ஜெயிலுக்கு வந்தா, அங்க இருக்கிறவங்க எமகாதகப் பசங்க. வரிசையில நல்ல பிள்ளையா நிப்பாங்க, வாயைத் தொறப்பாங்க, வாங்கிக்குவாங்க, தலையை ஆட்டிட்டுப் போவாங்க. போறவன் எல்லாம் ஏன் மதிலோரம் இருந்த பப்பாளி மரத்தைச் சுத்திட்டுப் போறான்னு எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு. அத்தனை பேரும் கொய்னாவைக் கன்னத்துல அடக்கிக்கிட்டுப் போயி மரத்தடியில துப்பியிருக்காங்க! ஜொகூர் முழுக்கத் தேடினாலும் அந்தப் பப்பாளி மரம் மாதிரி மலேரியாக் காய்ச்சலுக்குப் பயப்படாத மரம் கிடைக்காது. ஆளுங்களோ சதுப்பு நிலத்துல வாய்க்கா வெட்டிட்டு வந்து, வரிசையாப் படுத்துக்கிட்டு நடுங்கிட்டு இருந்தாங்க.

எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் வரிசைக்கு முன்னாடி நின்னு, தமிழும் மலாயும் கலந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். முன்னாடி நின்னவன் ஒரு சீனத் தச்சன், ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னு, கோப்பையை வாங்கி ஒரே மடக்காக் குடிச்சான். மூஞ்சி கோணிப் போச்சு. அப்புறம் வானத்தைப் பாத்து மலாய்ல கத்தினான்: வெளியே போன அன்னிக்கே ஒரு முழு வாத்து, சுட்ட வாத்து, தோலோட, எண்ணெய் வழிய வழியத் தின்னாத்தான் இந்தக் கசப்பு போகும்னு. வரிசையே சிரிச்சிச்சு. அடுத்து நின்ன மலாய் மீன்காரன் சும்மா இருப்பானா? குடிச்சிட்டு, "அசாம் பெடாஸ்!"னு அவனும் கத்தினான். புளியும் மிளகாயும் போட்ட மீன் கொழம்பு அது. சொல்லும்போதே அவன் வாயில எச்சி ஊறினது எனக்குத் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சது. வாய்க்குள்ள கொய்னாவை வச்சுக்கிட்டு எவனாலயும் கத்த முடியாது. கத்தினவன் முழுங்கினவன். தாடையைப் புடிக்க வேண்டாம், நாக்கைத் தூக்கிப் பாக்க வேண்டாம், ஒரு கேள்வி கேட்டாப் போதும்.

அன்னிலேருந்து அதுதான் எங்க வழக்கம். கோப்பையைக் குடுத்துட்டு நான் கேப்பேன்: "கெலுவார் நந்தி, மாக்கான் அப்பா?" வெளியே போனா என்ன திம்பே? அவன் சத்தமாச் சொல்லணும். நேத்துச் சொன்னதை இன்னிக்குச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை நான் போடலை, அவங்களாப் போட்டுக்கிட்டது. மீன்காரன் ஒரு நாளைக்கு ஒரு மீனாச் சொல்லி, கடல்ல இருக்குற மீனெல்லாம் தீந்து போயி நண்டுக்கு வந்துட்டான். கோழி திருடி வந்த ஒருத்தன் தினம் கோழியையே வேற வேற மாதிரி சமைப்பான். மத்தவங்க, "இன்னுமாடா உனக்குக் கோழி ஆசை விடலை"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. இட்லி, கருவாட்டுக் கொழம்பு, நாசி லெமாக், மீ, டுரியான்! டுரியான்னு ஒருத்தன் சொன்னா அஞ்சு பேரு கண்ணை மூடிக்குவாங்க. பொறாமையில இல்ல, மணத்துல. விடியக்காலையில அந்த முற்றம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கும். குடிச்சது என்னவோ கொய்னாதான்.

காய்ச்சல் மளமளன்னு கொறைஞ்சுச்சு. எனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. ஏறாம இருக்குமா?

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கொறையலை. அவன்தான் ஜெயில் சமையக்காரன். யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தவன். ஒரு சண்டையில ஒருத்தர் உசிரு போயி, ஆயுள் தண்டனை வாங்கி வந்தவன். பெரிய கொப்பரையில அத்தனை பேருக்கும் காலைக் கஞ்சி காய்ச்சுறது அவன் வேலை. அதிர்ந்து பேச மாட்டான். வரிசையில கடைசியா வருவான், கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே. வாயைத் தொறந்து வாங்கிக்குவான். நான் கேள்வியைக் கேட்டா அடுப்பைக் கையால காட்டுவான். கஞ்சி பொங்குதாம். சரி, அவசரக்காரன், போகட்டும்னு விட்டுடுவேன். ஆனா பத்து நாளைக்கு ஒரு தடவை நடுக்கம் வந்து படுத்துடுவான். மண்ணீரல் வீங்கி வயித்துல கல்லு மாதிரி தட்டுப்படும். மருந்தைக் கூட்டிப் பாத்தேன், பால் குடுத்துப் பாத்தேன். ம்ஹூம். அவனோட காய்ச்சல் சார்ட்டைப் பாத்தா மலையும் பள்ளமுமா இருக்கும். இப்படியே விட்டா இந்த ஆளு தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

இந்த நேரம் பாத்துத்தான் எங்களுக்குப் புது சூப்பரிண்டெண்ட் வந்தாரு. வெள்ளைக்காரர். நெட்டைக் குச்சி மாதிரி நிப்பாரு. அவருக்குச் சத்தம்னாலே ஆகாது. முதல் நாள் காலையில எங்க வரிசைக்கு வந்து நின்னாரு. "வறுத்த இறால்!"னு ஒருத்தன் கத்தினதுல அவரு தொப்பி ஒரு அங்குலம் எழும்பி இறங்குனதை நான் பாத்தேன்.

"இது ஜெயிலா, மார்க்கெட்டா?"ன்னு கேட்டாரு.

நான் விளக்கினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, மரியாதையாத்தான் விளக்கினேன். அவரு கேட்டுட்டு ஒரு சேதி சொன்னாரு. அடுத்த மாசம் எங்க ஜெயில்லயே மூணு நாள் கூட்டம் நடக்கப் போகுது, பக்கத்து ஜெயில்கள்ல இருந்தெல்லாம் டாக்டர்மாரும் டிரஸ்ஸர்மாரும் வந்து, கைதிங்க உடம்பை எப்படிப் பாத்துக்கிறதுன்னு பேசிப் பயிற்சி எடுக்கப் போறாங்க. மூணாம் நாள் உன் வரிசையை அவங்க முன்னாடி நடத்திக் காட்டு. அவங்க சரின்னா இருக்கட்டும். இல்லேன்னா நாலாம் நாள்ல இருந்து வார்டர் தாடையைப் புடிப்பான், நீ ஊத்து. பேச்சு முடிஞ்சது.

கட்டைவிரல் தழும்பு அப்பவே குத்த ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்குப் போயி சம்சாரத்துக்கிட்ட, "இனி ஒருத்தன் தாடையில கை வைக்கச் சொன்னா வேலையை விட்டுடுவேன்"னு குதிச்சேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே, "முதல்ல மூணாம் நாள் வரட்டும். அதுக்குள்ள ஏன் சோத்துல மண்ணு போடுறீங்க"ன்னா.

காட்டுறதுக்குப் பன்னெண்டு பேரை சூப்பரிண்டெண்ட்டே பொறுக்கினாரு. நல்ல நடத்தை உள்ளவங்களாம். கடைசிப் பேரு சமையக்காரன். வேற ஆளைப் போடுங்கன்னு சொல்ல முடியுமா? ஜெயிலிலேயே ரொம்ப ஒழுங்கானவன் அவன்தானே.

கூட்டத்துக்கு இடம், கைதிங்க பிரம்பு நாற்காலி பின்னுற கொட்டாய். அவங்க பின்னின நாற்காலியிலயே வந்தவங்களை உக்கார வச்சோம். அடடா, அந்த மூணு நாளும் திருவிழாதான். சிங்கப்பூர்ல இருந்து, மலாக்காவுல இருந்து, உள்ளூர்ல இருந்து என்னை மாதிரி டிரஸ்ஸர்மாரு. தமிழரு, யாழ்ப்பாணத்தாரு, மலையாளத்தாரு, சீனரு, மலாய்க்காரரு. ஒவ்வொருத்தனும் தன்னந்தனியா ஒரு ஜெயில்ல கிடந்து, யார்கிட்டயும் சொல்ல முடியாத கதையை வயித்துக்குள்ள வச்சிருந்தவன். டீ குடிக்க விட்டா மணி அடிச்சுத்தான் பிரிக்கணும். "உங்க ஊர்லயும் வார்டர் 'நடிக்கிறான்'னு சொல்லுவானா?" "சொல்லுவானா? செத்தவனைப் பாத்தே சொன்னான் ஐயா, நடிக்கிறான்னு!" இப்படிப் போகும் பேச்சு. வருசக்கணக்கா எனக்கு மட்டுந்தான் இந்தத் தலைவலின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அத்தனை பேருக்கும் அதே தலைவலின்னு தெரிஞ்சதும் பாதி வலி போயிடுச்சு.

மொத நாள், ஜன்னலுக்கெல்லாம் கோணியைக் கட்டி இருட்டாக்கி, வெள்ளைத் துணியில விளக்குப் படம் காட்டினாங்க. கொசு ஒண்ணு எருமை சைசுக்கு வந்து நின்னுச்சு. மலாக்கா டிரஸ்ஸர் என் காதுல, "இவ்வளவு பெருசுன்னா கொய்னா எதுக்கு, துப்பாக்கி போதுமே"ன்னாரு. நான் சிரிச்சது அந்த இருட்டுல எல்லாருக்கும் கேட்டுடுச்சு. ரெண்டாம் நாள் சொறி சிரங்கைப் பத்தி ஒரு டாக்டர் பேசினாரு. கந்தகக் களிம்பு எப்படித் தடவணும், போர்வையை எப்படிக் கொதிக்க வைக்கணும்னு நல்லாத்தான் சொன்னாரு. பத்து நிமிசம் ஆகலை, கொட்டாயில இருந்த அத்தனை பேரும் சொறிய ஆரம்பிச்சிட்டோம். பேசின டாக்டரே முழங்கையைச் சொறிஞ்சிக்கிட்டுத்தான் முடிச்சாரு.

கூட்டத்துக்குத் தலைமை ஒரு பெரிய டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர், செவசெவன்னு மூஞ்சி, தொந்தி, உரக்கச் சிரிப்பு. அவரு மாதாமாதம் கைதியை நிறுத்துப் பாக்கணும்னு ரெண்டாம் நாள் சாயங்காலம் பேசினாரு. "ஜெயிலுக்குள்ள வந்த மனுசனோட உடம்பு உங்க பொறுப்பு. அவன் செஞ்ச தப்பு உங்க பொறுப்பு இல்ல"ன்னாரு. எனக்கு எழுந்து நின்னு கை தட்டணும் போல இருந்துச்சு. மலாக்காக்காரரு சட்டையைப் புடிச்சு உக்கார வச்சாரு.

மூணாம் நாள் வந்துச்சு. முந்தின நாளே சமையக்காரன்கிட்ட போயி, "நாளைக்கு நீயும் வாயைத் தொறந்து ஏதாச்சும் சொல்லணும்யா. கஞ்சி பொங்கினாலும் பரவாயில்ல"ன்னு சொல்லி வச்சிருந்தேன். "சரிங்கய்யா"ன்னான்.

முற்றத்துல நாற்காலி போட்டு எல்லாரும் உக்காந்திருக்காங்க. பெரிய டாக்டர் மடியில எங்க காய்ச்சல் சார்ட்டெல்லாம். சூப்பரிண்டெண்ட் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாரு. பன்னெண்டு பேரும் வரிசையில. நான் கோப்பையை எடுத்தேன், சிங்கப்பூர் டிரஸ்ஸர் ஒருத்தரு எழுந்து குறுக்குக் கேள்வி போட்டாரு: "மத்தவங்களுக்கு ஊத்துறோமே, நம்மள்ல எத்தனை பேரு இதைக் குடிச்சிருக்கோம்?"

கூட்டமே ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துச்சு. பெரிய டாக்டர் கடகடன்னு சிரிச்சாரு. "ஞாயமான கேள்வி"ன்னு எந்திரிச்சு வந்து, என் கையில இருந்த கோப்பையை வாங்கி மடக்குன்னு குடிச்சிட்டாரு! மூஞ்சி சிவப்புல இருந்து ஊதாவாப் போச்சு. வரிசையில முதல்ல நின்ன சீனத் தச்சன் வாய்ப்பை விடுவானா? துரையைக் கூப்பிடுற மாதிரிப் பணிவாக் குனிஞ்சு, "துவான், கெலுவார் நந்தி, மாக்கான் அப்பா?"ன்னான்.

சூப்பரிண்டெண்ட் ஒரு அடி முன்னால வந்தாரு. பெரிய டாக்டரு கண்ணைத் தொடைச்சிக்கிட்டே யோசிச்சாரு. அப்புறம் மலாய்லயே சொன்னாரு. அவங்க ஊர்ல அவங்கம்மா விடியக்காலையில காய்ச்சுற ஓட்ஸ் கஞ்சி. சக்கரை கூடாது, உப்புத்தான் போடணும். "பூபோர்"னாரு. மலாய்ல கஞ்சி.

"பூபோரா!"

பன்னெண்டு பேரும் ஒரே குரல்ல கூவினாங்க. வெளியே போனா எதைக் கண்ணால பாக்கக் கூடாதுன்னு அவங்க நேந்துக்கிட்டு இருந்தாங்களோ, அதுக்குப் போயி பெரிய டாக்டரு ஏங்குறாரு! கோழித் திருடன், "துவான் உள்ள வாங்க, இங்க தினம் குடுக்குறாங்க"ன்னான். சிரிச்சு சிரிச்சு எனக்கு விலாவெல்லாம் வலி. வார்டர்மாரும் சிரிச்சாங்க. சூப்பரிண்டெண்ட் மீசைக்குள்ள ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. சிரிப்புன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

அப்புறம் வரிசை ஓடிச்சு பாருங்க, ஆத்துத் தண்ணி மாதிரி. வாத்து! நண்டு! புளிச்சோறு! கோழித் திருடன் ரெண்டு கோழியாவே கேட்டான். பதினோரு பேரும் முழுங்கியாச்சு, கத்தியாச்சு. பெரிய டாக்டர் அவங்கவங்க சார்ட்டைப் புரட்டிப் பாத்து, "அருமை, அருமை"ங்கிறாரு. நான் ஒரு சாண் வளந்துட்டேன்.

பன்னெண்டாவது சமையக்காரன். கரண்டி இல்லாம அவனை அன்னிக்குத்தான் பாத்தேன். கை ரெண்டும் என்ன செய்யிறதுன்னு தெரியாம தொங்கிச்சு. பெரிய டாக்டரு அவன் சார்ட்டை எடுத்தாரு. சிரிப்பு நின்னுச்சு. "இவனுக்கு மட்டும் ஏன்?"ன்னாரு.

கோப்பையைக் குடுத்தேன். வாங்கி வாயில ஊத்திக்கிட்டான். கேட்டேன்: "வெளிய போனா என்ன திம்பே?"

அவன் கை வழக்கம்போல அடுப்புப் பக்கம் போச்சு.

மறுபடி கேட்டேன். அவன் என்னைப் பாத்தான், திரும்பினான், வாய்க்காலோரம் போயி, அத்தனை பேரு பாக்க, வாயில இருந்ததைத் துப்பிட்டான்.

தொலைஞ்சது போ! சூப்பரிண்டெண்ட் தொண்டையைக் கனைச்சாரு. எனக்குப் புத்தி எங்க போச்சோ, டாக்டர்மாரு முன்னாடிங்கிறதையும் மறந்து, "யோவ், ஏன்யா என் மானத்தை வாங்குறே?"ன்னு கத்திட்டேன்.

அவன் கத்தலை. "வெளிய போனா என்ன திம்பேன்னு கேக்குறீங்க. நான் எங்கய்யா வெளிய போறேன்?"ன்னான். அப்புறம், "தினம் இதையே கேட்டா நான் வாயைத் தொறந்து என்னத்தைச் சொல்றது? அதான் அடக்கிக்கிட்டுப் போயி அடுப்புச் சாம்பல்ல துப்பிடுறது"ன்னான்.

வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு எழுதும்போதும் இருக்கு. வெளியே போற நாளு உள்ளவனுக்கு அந்தக் கேள்வி சக்கரை. அவனுக்கு அது கொய்னாவை விடக் கசப்பு. அதைத் தினம், சிரிச்சுக்கிட்டே, அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கேன். தாடையைப் புடிக்கலைன்னு பெருமைப்பட்டுக்கிட்டு வேற!

பெரிய டாக்டரு என்னன்னு கேட்டாரு. மறைச்சிருக்கலாம். அவன் தமிழ்ல சொன்னது அவருக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா மலாக்காக்காரருக்குப் புரிஞ்சிடுச்சு, யாழ்ப்பாணத்தாருக்குப் புரிஞ்சிடுச்சு, அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல அப்படியே சொன்னேன். "தப்பு அவன்மேல இல்ல. என் கேள்விதான் தப்பு"ன்னும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச்சு. தப்புன்னு ஒத்துக்கிட்டுப் பழக்கமில்ல பாருங்க.

அவரு சார்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "அப்ப வேற கேள்வி கேளு"ன்னாரு, ரொம்பச் சாதாரணமா.

என்னத்தைக் கேக்குறது? மண்டை காலி. இன்னொரு கோப்பை ஊத்தினேன். அவன் கையில குடுத்து, "வெளிய போறதை விடுய்யா. இப்ப, இங்க, இன்னிக்கு, உனக்கு என்ன சாப்பிடணும்னு இருக்கு?"ன்னு கேட்டேன்.

அவன் கோப்பையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான். சமையக்கட்டுல கொப்பரை கொதிக்கிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. அப்புறம் தலையைப் பின்னால சாச்சு, ஒரே மடக்கு. தொண்டைக்குழி ஏறி இறங்குனதை நான் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. வாயைத் தொடைச்சிக்கிட்டு, நான் அவன்கிட்ட அதுவரைக்கும் கேட்டேயிராத ஒரு குரல்ல கத்தினான்:

"வேற யாராச்சும் ஆக்கிப் போட்ட சோறு!"

"என்ன கொழம்போட?"ன்னு கேட்டேன்.

"எதுவா இருந்தா என்னங்கய்யா? நான் ஆக்காததா இருந்தாப் போதும்."

தமிழ் தெரிஞ்சவங்க முதல்ல சிரிச்சாங்க. சிரிச்சவங்க அப்படியே மூக்கை உறிஞ்சினாங்க. நான் மொழிபெயர்த்ததும் சீனத் தச்சன், "பாகுஸ்! பாகுஸ்!"னு, அதாவது பிரமாதம்னு, சமையக்காரன் முதுகுல தட்டினான். பெரிய டாக்டரு எந்திரிச்சு சூப்பரிண்டெண்ட் பக்கம் திரும்பினாரு. "இந்த வரிசை இருக்கட்டும். கேள்வியை மட்டும் மாத்திக்கலாம்"னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "இவன் காய்ச்சல்காரன்தானே? நோயாளிச் சாப்பாட்டுச் சீட்டு எழுதுற அதிகாரம் உனக்கு இருக்கா இல்லையா?"ன்னாரு.

அட, இருக்குதே! நோயாளிக்குப் பால், ரொட்டி, முட்டைன்னு அந்தச் சீட்டுல எத்தனை எழுதியிருப்பேன். அந்த இடத்துலயே உக்காந்து எழுதினேன்: சோறு, மீன் கொழம்பு, கீரை, வெளியில சமைச்சது, ஒரு வேளை. பெரிய டாக்டரு கையெழுத்துப் போட்டாரு. சீட்டை சூப்பரிண்டெண்ட்கிட்ட நீட்டினேன். அவரு ஒரு தடவை படிச்சாரு. ரெண்டாந்தடவை படிச்சாரு. "சத்தம் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்"னு முணுமுணுத்துக்கிட்டே அவரும் போட்டுட்டாரு.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாப் போயி சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். மகிழ்ந்து போவான்னு பாத்தா, அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. "தினம் அத்தனை பேருக்கு ஆக்குற மனுசனுக்கு நான் ஆக்கி அனுப்பணுமா? குத்தம் கண்டுபிடிச்சா என் மானம் என்ன ஆகிறது?" ஆனா மறுநாள் விடியிறதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் போயி, பேரம் கூடப் பேசாம வஞ்சிர மீன் வாங்கிட்டு வந்துட்டா. அரைச்ச மசாலாவை ரெண்டு தடவை மோந்து பாத்தா. என்னை அடுப்படிப் பக்கமே விடலை. டிபன் கேரியரை வெள்ளைத் துணியில கட்டி, வாழையெல ஒண்ணையும் சுருட்டிக் குடுத்து, "சிந்தாம கொண்டு போங்க. ஆடி ஆடி நடக்காதீங்க"ன்னா.

சமையக்கட்டுக்கு வெளியில, நிழல்ல அவனை உக்கார வச்சு, எலயைப் போட்டு, நானே பரிமாறினேன். ஊருக்குக் கிளம்ப வேண்டிய மலாக்காக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் மூட்டையைக் கையில வச்சுக்கிட்டு நின்னு பாத்தாங்க. வேலைக்குப் போற வரிசை வேணும்னே மெதுவாப் போச்சு. அவன் நிமிரவே இல்ல. முதல் கவளத்தை வாயில வச்சுட்டு அசையாம இருந்தான். அப்புறம் தின்னான், பசிச்ச மனுசன் திங்கிற மாதிரி. எல மழையில கழுவின மாதிரி ஆனதுக்கப்புறம்தான் தலையைத் தூக்கினான்.

"எப்படிய்யா இருந்துச்சு?"ன்னேன். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அதனால குரலை வெரட்டுற மாதிரி வச்சுக்கிட்டேன்.

அவன் கையைக் கழுவிட்டு, ரொம்ப மரியாதையா, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நல்லா இருந்துச்சுங்கய்யா. அம்மாகிட்ட சொல்லுங்க. கொழம்புக்கு உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி."

மலாக்காக்காரரு மூட்டையைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாரு. நான் எப்படிச் சிரிச்சேன்னு கேக்காதீங்க. அழுதது வெளியே தெரியாம சிரிச்சேன்.

வீட்டுல அதை எப்படிச் சொல்றதுன்னு வழி நெடுக யோசிச்சுக்கிட்டே போனேன். பொய் சொல்லலாம்னு பாத்தேன், அவ மூஞ்சியைப் பாத்ததும் வரலை. சொல்லிட்டேன். கையில இருந்த கேரியரை அவ கீழ வச்சா. அப்புறம் மீதிக் கொழம்பை ஒரு விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாத்தா. "ஆமாங்க. கம்மிதான்"னா. கல்யாணமான நாளா சமையல்ல நான் சொன்ன ஒரு குத்தத்தையும் அவ ஒரு தடவை கூட ஒத்துக்கிட்டதில்ல.

மறுநாள் காலையில வரிசை நின்னுச்சு. கடைசியா வர்றவன் அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி நின்னான், கரண்டியோட. கோப்பையை வாங்கிக் குடிச்சான். கேட்டேன், புதுக் கேள்வியை: "இன்னிக்கு என்ன சாப்பிடணும்னு இருக்கு?"

"நேத்து மீன் கொழம்பு!"ன்னு கத்தினான். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "ஒரு கல்லு உப்புக் கூடப் போட்டு!"

நேத்துச் சொன்னதைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சுல்ல, அதை அவனுக்காக வரிசையே தளர்த்திக்கிச்சு. அந்த ஒரே கொழம்பை அவன் வாரக்கணக்காக் கேட்டான். அந்த மாசம் அவன் சார்ட்டுல நான் இழுத்த கோடு நேரா இருந்துச்சு, அடுத்த மாசமும். எங்க வீட்டுல மட்டும் அன்னிலேருந்து கொழம்புக்கு உப்பு ஒரு கல்லு தூக்கல். எனக்குக் கம்மியாத்தான் பிடிக்கும். ஆனா நான் வாயைத் தொறக்கலை.